தளம் வளையாது என்று ஒரு தீர்மானம்

என் அம்மா ஜெயசீலி கட்டடங்களை ஆட்டிப் பார்த்துச் சிரிப்பாள். ஆட்டுவது சம்பள வேலை. சிரிப்பு அவளாகச் சேர்த்துக்கொண்டது.

மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஜகந்நாதன் சாரின் ஆபீஸ். ஒரு கட்டடத்துக்குத் தூண் எவ்வளவு கனம், தளம் எவ்வளவு தடிமன் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ். டிப்ளமா முடித்து அம்மா அங்கே சேர்ந்தபோது டிரேசிங் பேப்பரில் மையால் கோடு இழுப்பதுதான் வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டிரேசிங் மேசையை விற்றார்கள். அம்மாவை விற்கவில்லை. சாஃப்ட்வேரில் கட்டடத்தை மாடலாகக் கட்டுவது அவள் பொறுப்பானது.

தூண்களை நட்டு, தளங்களை விரித்து, பாரம் ஏற்றி, பூகம்பம் கொடுத்தால் கட்டடம் திரையில் ஆடும். உண்மையில் அசைவது விரல் அகலம் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்காக சாஃப்ட்வேர் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். எத்தனை மடங்கு என்பதை நாம் சொல்லலாம். மற்றவர்கள் அளவாகச் சொல்வார்கள். அம்மா கைக்கு வந்த எண்ணைப் போடுவாள். பதினான்கு மாடியும் குடித்துவிட்டு வீடு திரும்புவது போல வரும். கூடவே மொபைலில் பேண்டு வாத்தியம் வைப்பாள்.

ஒரே கட்டடம் பல விதமாக ஆடும். முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திருகிக்கொண்டு ஒன்று. திருகல் ஆட்டத்துக்கு அம்மா வைத்த பெயர் ரெனால்ட். ரெனால்ட் மாமா அவள் தம்பி. கல்யாண ஊர்வலத்தில் காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி ஆடுகிறவர். ஜகந்நாதன் சார் ரொம்ப காலம் அது ஏதோ பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்திருந்தார். ஒரு ரிப்போர்ட்டில் எழுதியும் விட்டார். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நானும் இதே படிப்பு. செம்பூரில் வேறு ஆபீஸ். போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு வருவது ஒரே ஒரு கட்டடம். எங்களுடையது.

தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்ப்பில் எங்கள் வீடு ஒற்றை அறை. கீழே சமையல், இரும்பு ஏணி ஏறினால் படுக்கை. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். ஜன்னல் கிடையாது. வெளிச்சம் கதவு வழியாக வரும். கதவில் யாராவது நின்று பேசினால் வராது. கதவில் எப்போதும் யாராவது நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை, ஜன்னல். அதுவும் ரயில் தெரிகிற ஜன்னல். அப்பா ஜோசப்ராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். அவரை வம்புக்கு இழுக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "நீங்க ரிப்பேர் பண்ணி விட்ட பெட்டியெல்லாம் ஒழுங்கா போவுதான்னு நான் மேலேருந்து பாக்கணும்லா."

கேம்ப்பில் எங்கள் வரிசைகளை இடித்து மாடி கட்டுவது என்று முடிவானது. ஏ விங், பி விங் என்று இரண்டு பகுதிகள். வீடு யாருக்கு எது என்று முதலில் லாட்டரி போட்டால்தான் காலி செய்வோம் என்று குடியிருப்போர் சொசைட்டி பிடிவாதமாக நின்றது. பின்னால் மாற்றிவிடுவார்கள் என்ற பயம். சர்ச் ஹாலில் பிளாஸ்டிக் வாளியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். அம்மாவுக்கு பி விங், ஏழாவது மாடி, கடைசி வீடு. கடைசி வீட்டுக்குத்தான் ரயில் பக்கம் பெரிய ஜன்னல். சீட்டைப் படித்ததும் அம்மா ஹாலின் நடுவே போய் ரெனால்ட் மாமாவின் ஆட்டத்தை அவர் எதிரிலேயே ஆடினாள். மாமாவும் சேர்ந்து ஆடினார். அப்பா போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு நின்றார், கூச்சத்தில். வீடு நடக்கிற தூரம்.

அந்தக் கட்டடத்தின் கணக்கு ஜகந்நாதன் சார் ஆபீஸுக்கே வந்தது. அம்மா தன் வீட்டைத் தானே மாடலாகக் கட்டப் போகிறாள். கேம்ப்பில் யாருக்கும் இது விசேஷமாகப் படவில்லை. சொந்தக்காரர் கம்பவுண்டராக இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தானே போவோம்.

இரண்டு விங்குக்கும் இடையில் வெளிச்சத்துக்காக ஒரு பள்ளம் மாதிரி வெட்டவெளி. மாடிக்கு மாடி ஒரு குறுகிய வராண்டா அதைத் தாண்டி இரண்டையும் இணைக்கும். லிஃப்ட்டும் அதைச் சுற்றிய கான்கிரீட் சுவர்களும் ஏ விங்கில். பி விங்கில் தூண்கள் மட்டும்.

இங்கே கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கேள்வி கேட்கும். பக்கவாட்டில் தள்ளினால் இந்தத் தளம் வளையுமா, வளையாதா? வளையாது என்று டிக் போட்டால் ரிஜிட். தளம் முழுவதும் ஒரே பலகை. அதைத் தொடும் தூண்கள் எல்லாம் ஒன்றாக நகரும்; காலை நேர லோக்கல் ரயிலில் கூட்டம் மொத்தமாகச் சாய்வதுபோல. கணக்கும் சீக்கிரம் முடியும். பெரும்பாலான கட்டடங்களுக்கு அது போதும். வளையும் என்றால் செமி ரிஜிட். தளத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு இளகிக்கொடுக்கும் என்று பார்க்கும். நேரம் பிடிக்கும்.

அம்மா வழக்கம்போல ரிஜிட் போட்டாள். எல்லாம் தேறியது. இரண்டு விங்கும் கைகோத்துக்கொண்டு ஒரே தாளத்தில் ஆடின. பேண்டு வாத்தியம் வைத்துப் பார்த்தாள். பிறகு வராண்டாவுக்கு எவ்வளவு கம்பி வேண்டும் என்று பார்க்கப் போனாள். அதில் எவ்வளவு விசை ஓடுகிறது என்று சாஃப்ட்வேரைக் கேட்டாள். பூஜ்யம் என்றது. மாடிக்கு மாடி பூஜ்யம். ரிஜிட் என்றால் அப்படித்தான். வளையவே வளையாது என்று நாமே சொல்லிவிட்ட பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை.

எனக்கு போன் செய்தாள். "ஏட்டி ஜெஸி, பி விங் பூரா இந்த வராண்டாவப் பிடிச்சுத்தான் நிக்குது. வராண்டாவக் கேட்டா, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேங்குது. உங்க அப்பாவ மாதிரி."

டிக்கை மாற்றினாள். செமி ரிஜிட்.

ஏ விங் அப்படியே நின்றது. பி விங் நாயின் வால் போல ஆடியது.

அம்மா சிரித்த சிரிப்பில் கீழே பாத்திரக் கடைக்காரர் மேலே வந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனாராம். ஜகந்நாதன் சார் தன் அறையிலிருந்து வந்தார். பெருக்கலைக் குறைக்கச் சொன்னார். குறைத்தாள். வால் சின்னதாக ஆடியது. இன்னும் குறைக்கச் சொன்னார். அப்போதும் வால்தான். வராண்டா கிழிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"வாலுக்கு ஒரு கால் வேணும்," என்றார் சார்.

கால் என்றால் பி விங்கின் முனையில், கீழிருந்து உச்சி வரை ஒரு கான்கிரீட் சுவர். வேறு இடம் இல்லை. நடுவில் வைத்தால் தரைத்தளத்தில் கடைவாசலில் போய் இறங்கும். வராண்டாவை அகலமாக்கினால் வெளிச்சம் அடைபடும், அனுமதி கிடைக்காது. முனைதான். அம்மா மாடலில் சுவரை இழுத்தாள். வால் நின்றது. எங்கே இழுத்தோம் என்று பிறகு பார்த்தாள். கடைசி வீடுகளின் ரயில் பக்கச் சுவர். அங்கே இருந்த பெரிய ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது. ஏழாவது மாடி உட்பட.

மறுபடி எனக்கு போன். "என் ஜன்னல்ல நானே சுவர் வச்சிட்டேன்ட்டி." சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்த சில நாட்கள் அம்மா உத்தமியாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஜன்னலைக் காப்பாற்ற எல்லாம் செய்து பார்த்தாள். வராண்டாத் தளத்தை இரண்டு மடங்கு தடிமனாக்கினாள். இரண்டு பக்கமும் உத்தரம் கொடுத்தாள். பி விங் தூண்களை யானைக்கால் ஆக்கினாள். ஒவ்வொரு முறையும் வால் கொஞ்சம் அடங்கியது. அடங்கி, ஆடியது. பழைய டிக்குக்கே திரும்பிவிடலாமா என்று ஒரு முறை சாரைக் கேட்டும்விட்டாள். சுவர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவர். அவள் கேட்டதில் அவருக்குக் கோபமில்லை. எந்த வீடு அவளுடையது என்று அவருக்குத் தெரியும்.

ஜன்னல் போவதற்குச் சொசைட்டியின் சம்மதம் வேண்டும். பொதுக்கூட்டம் கூட்டினார்கள், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில். சேர்மன் கோமதிநாயகம் அண்ணாச்சி, செக்ரட்டரி ரெனால்ட் மாமா. நான் லேப்டாப்பும் புரொஜக்டரும் கொண்டுபோனேன். அம்மா பேசாமல் நேரே ஆட்டத்தைப் போட்டாள். பெருக்கலைக் குறைக்க மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் சொன்னாள்.

சுவர் நிறைய எங்கள் கட்டடம். பி விங் வாலை ஒரு வீச்சு வீசியது. ஹாலில் முன்வரிசை நாற்காலிகள் பின்னால் போயின.

திரையில் பார்த்த அளவுக்கே உண்மையிலும் ஆடும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். மாமியாரை ஏ விங்கில் போட முடியுமா என்று ஒருவர். இத்தனை ஆடுகிற கட்டடத்துக்கு மெயின்டனன்ஸ் கொடுக்க முடியாது என்று பின்வரிசையில் ஒரு கட்சி. நடுவில் திருகல் ஆட்டம் வந்தது. ஹால் முழுக்க ஒரே நேரத்தில் ரெனால்ட் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. மாமா மீட்டிங் நோட்டில் தலையைப் புதைத்துக்கொண்டார்.

இது பெருக்கிக் காட்டுவது, உண்மையில் விரல் அகலம் என்று நான் மைக்கில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கோமதிநாயகம் அண்ணாச்சி எழுந்து கையமர்த்தினார்.

"ஏம்மா சீலி, ஆடாத படம் ஒண்ணும் உங்கிட்ட இல்லியா?"

அம்மா உண்மையைச் சொன்னாள். இருக்கிறது, ரிஜிட் என்று ஒரு டிக், அதைப் போட்டால் இரண்டும் ஒன்றாகப் போகும். போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினாள். இரண்டு விங்கும் கைகோத்துச் சாய்ந்தன. ஹால் அமைதியானது. குடும்பப் பாங்கான கட்டடம்.

"இது நல்லாருக்கு. இந்த டிக்கையே போட்டுருவோம்," என்றார் அண்ணாச்சி.

முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள். ரெனால்ட் மாமா எழுதினார்: கட்டடத்தின் தளங்கள் வளையாது என்று இந்தச் சபை தீர்மானிக்கிறது. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றபோது அம்மா ஒருத்திதான் தூக்கினாள். ஆனால் அதற்குள் சிரிப்பு முற்றி, தூக்கிய கையோடு மேசை மேல் சரிந்துகிடந்தாள். அதை எதிர்ப்பாகக் கணக்கில் எடுப்பதா என்று மாமா சேர்மனைக் கேட்டார். வேண்டாம் என்றார் சேர்மன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எனக்குத் தெரிந்து உலகத்தில் எந்தத் தளத்தின் விறைப்பையும் வாக்கெடுப்பில் முடிவு செய்ததில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணாச்சி, ஏசி லோக்கல்ல போயிருக்கியளா?"

போயிருக்கிறேன் என்றார். மகன் தாணேயில்.

"நடுவுல நின்னு அடுத்த பெட்டியப் பாத்திருக்கியளா? நாம ஒரு பக்கம் போறோம், அது ஒரு பக்கம் போவுதுல்லா. நடுவுல மடிப்பு மடிப்பா ரப்பர் இருக்கு, அது வளையுது. அதனால தப்பிச்சோம். நம்ம வராண்டா சிமெண்டு, அண்ணாச்சி. நாம கை தூக்குனோம்னு அது வளையாம இருக்காது. வளையத் தெரியாம ஒடியும்."

ஏசி லோக்கலில் போனவர்கள் தலையாட்டினார்கள். போகாதவர்கள் அவர்களைப் பார்த்து ஆட்டினார்கள். ஆனால் அண்ணாச்சிக்கு வேறு சந்தேகம். பில்டர் விஷயங்களில் அவர் அடிபட்டவர். சுவர் வந்தால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கேட்டார். யார் சொல்லி இந்தச் சுவர் வந்தது. யாருடைய ஜன்னல் போகிறது.

"பி விங்ல எல்லா மாடிலயும் கடைசி வீடு."

"அதான், யாரு?"

"ஏழாவது மாடில நான்."

வாளியில் சீட்டு எடுத்த அன்று அவள் ஆடியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"சிரிக்காம சொல்லு சீலி."

"சிரிக்காமத்தான் அண்ணாச்சி சொல்லுதேன்."

பிறந்ததிலிருந்து அவளைத் தெரிந்தவர்கள் அந்த ஹாலில் இருந்தார்கள். அந்த முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. நானும்தான். அப்பா கடைசி வரிசையில் இருந்தார். ஆட்டோ பிடிக்கப் போகவில்லை.

அண்ணாச்சி உட்கார்ந்தார். பழைய தீர்மானத்தை அடிக்கச் சொன்னார். ரெனால்ட் மாமா புதிதாக எழுதினார்: தளங்கள் வளையும் என்று இந்தச் சபை திருத்தித் தீர்மானிக்கிறது. சுவருக்குச் சம்மதம். கை தூக்கினார்கள். முடிந்தது என்று நினைத்தபோது மாரீஸ்வரி அக்கா எழுந்தாள். மாஹிமில் பார்லர் வைத்திருப்பவள். அவளுக்கும் கடைசி வீடு, நான்காவது மாடி.

"சீலியக்கா, உனக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதமா? பெரிய ஜன்னல் போட்டும். ஏக் சோட்டா ஓட்டையாவது போடு. மனுசிக்கு மூச்சு முட்டாதா?"

சுவரில் சின்னத் துளை விடலாம், அளவு மீறாதவரை. அம்மாவுக்கு அது தெரியும். தன் வீட்டுக்காகத் தானே கேட்பதாக இருக்குமே என்று இதுவரை சபையில் வாயைத் திறக்கவில்லை. இப்போது வேறொருத்தி கேட்டுவிட்டாள். மூன்றாவது தீர்மானம்: ஓட்டை. இதற்கு அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கினார். அம்மாவின் சிரிப்பு திரும்பி வந்தது. ஹால் முழுவதும் பற்றிக்கொண்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் வாட்ச்மேனும் வந்து நின்று சிரித்தார்.

மூன்று தீர்மானங்களின் நகலும் ஆர்க்கிடெக்டுக்குப் போனது. அவர் ஜகந்நாதன் சாருக்கு போன் செய்து, உங்கள் ஆட்கள் பூகம்பத்துக்கும் தீர்மானம் போடுவார்களா என்று கேட்டாராம்.

கேம்ப்பை இடித்தபோது நாங்கள் கோபர்கைரனேயில் வாடகைக்குப் போனோம். அங்கேதான் அம்மா ஓட்டையின் அளவை முடிவு செய்தாள். ஒரு தலை போனால் போதும் என்றார் அப்பா. இரண்டு தலை வேண்டும் என்றாள் அவள். ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் சதுரமாக வெட்டி, அப்பாவையும் தன்னையும் அதற்குள் தலைவிடச் செய்து, என்னை அந்தப் பக்கம் நின்று அளக்கச் சொன்னாள். அட்டைக்குள் இரண்டு முகம். அப்பாவின் காது இடித்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினாள். மறுநாள் ஆபீஸில் மாடலில் அந்த அளவைப் போட்டாள். சுவர் தேறவில்லை. விரல் விரலாகக் குறைத்தாள். தேறியது. அதைத்தான் வரைபடத்தில் போட்டார்கள், எல்லா மாடிக்கும். கேம்ப் ஆட்கள் அதற்குச் சீலி ஓட்டை என்று பெயர் வைத்தார்கள்.

கட்டடம் பூச்சுக்கு வந்திருந்தது. அம்மா ஒருநாள் காலையில் மார்பு வலி என்றாள். மதியம் இல்லை.

அடக்கம் முடிந்து வாடகை வீட்டுக்குத் திரும்பினோம். வீடு கொள்ளாத கூட்டம். ரெனால்ட் மாமா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். என் லேப்டாப்பைக் காட்டினார்.

"என் ஆட்டம் அதுல இருக்கா மக்கா?"

இருந்தது. போட்டேன். அவள் கடைசியாக வைத்த பெருக்கல் அப்படியே இருந்தது. கட்டடம் இடுப்பைத் திருப்பியது. மாரீஸ்வரி அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அண்ணாச்சி. பிறகு மாமா, அழுதுகொண்டே. துக்க வீட்டில் சத்தம் கேட்டு எதிர்வீட்டு மராத்திக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அப்பா எழுந்து பேண்டு வாத்தியம் எங்கே என்று கேட்டார். அவள் மொபைல் பூட்டியிருந்தது. வாத்தியம் இல்லாமலே பார்த்தோம்.

இந்த வருடம் சாவி கொடுத்தார்கள். நானும் அப்பாவும் லிஃப்ட்டில் ஏறி, வராண்டாவைத் தாண்டி, பி விங்கின் கடைசிக்குப் போனோம். காலி வீடு. ரயில் பக்கம் முழுக்கச் சுவர். நடுவில் சதுரம். அப்பா போய் இடது பக்கமாகத் தலையை விட்டார், அட்டைப்பெட்டியில் விட்டது போலவே. வலது பக்கம் காலியாக இருந்தது. அங்கே என் தலையை விட்டேன். என் தலை அம்மாவுடையதைவிடப் பெரிது. இரண்டு பேர் காதும் இடித்தது.

"இன்னும் நாலு விரல் கூடக் கேட்டிருக்கலாம்," என்றார் அப்பா.

நாலு விரல் கூட்டினால் சுவர் தேறாது, அம்மா பார்த்துவிட்டாள் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தலையை வெளியே எடுக்காமல். நானும். கீழே ஒரு லோக்கல் வந்தது. மேலிருந்து பார்த்தால் அது ஒரு மெல்லிய நாடாவாக, வளைவில் பெட்டி பெட்டியாகத் திரும்பியது. கடைசிப் பெட்டி வளைவைத் தாண்டும்வரை அப்பா அதைப் பார்த்தார்.

"ஒழுங்காத்தான் போவுது," என்றார்.